திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில், ஒரே வாக்கியம். 1914-18 பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். (வேலூரைக் கிராமம் என்று எழுதியிருப்பது தனி வேடிக்கை. இதே வாசகம், எண் மட்டும் மாறி, வேறு ஊர்களிலும் இருக்கிறது.)

என் தொழில் புத்திக்கு முதலில் பட்டது இதுதான்: கவுண்ட் இருக்கு, லிஸ்ட் இல்லை. செத்துப்போன 14 பேரின் பெயர்கூட அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனா அதைவிட என்னை உறுத்தியது கழித்தல் கணக்கு. 277-இல் 14 போனால் 263. அவர்கள் ஊர் திரும்பி, குடும்பம் நடத்தி, அதே மணிக்கூண்டு வழியாகக் கடைத்தெருவுக்குப் போய் வந்து, கிழவர்களாகி இறந்திருப்பார்கள். கல்லில் அவர்கள் கழித்தால் மட்டும் வருகிற எண்.

இத்தனைக்கும் வீரனைப் பதிவு செய்வது நமக்குப் புதுசு இல்லை. செங்கம் பக்கம் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பாருங்கள். அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்தச் சண்டையில் விழுந்தான் என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது உருப்படியான டேட்டா என்ட்ரி. ஆனால் நடுகல் வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும். திரும்பி வந்து முதுமை அடைகிற சிப்பாய்க்கு நம்மிடம் சடங்கு எதுவும் இல்லை.

அரசாங்கத்திடம் நாட்கள் உண்டு. டிசம்பர் 7 கொடி நாள், 1949 முதல் நடக்கிறது. 2016 முதல் ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற தேதி அது. (அவருக்கே ஃபீல்டு மார்ஷல் பட்டம் 1986-இல்தான் வந்தது.) நம்ம ஊரில் ஜனவரி 14 என்றால் போகி, இல்லாவிட்டால் பொங்கல். யாருக்கு ஞாபகம் வரும்?

இன்னொரு சிக்கல், சிப்பாய்கள் ஓய்வு பெறும் வயது. பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருஷ சர்வீஸ் வேண்டும். பதினெட்டு, இருபதில் சேர்ந்தவர் முப்பதுகளின் கடைசியிலோ நாற்பதுகளிலோ வெளியே வந்துவிடுகிறார். அதற்கப்புறம் வங்கி வாசலில் செக்யூரிட்டி, ஏதோ ஒரு ஆபீஸில் டிரைவர். ஊர் அவரைப் பார்ப்பது அந்த இரண்டாவது உத்தியோகத்தில்தான். முதலாவது ஞாபகம் வருவது கேன்டீன் கோட்டாவில் ஒரு பாட்டில் கேட்கும்போது. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கிற ஊரில் இந்தத் தனிமை குறைவாக இருக்கலாம். நகரத்து அபார்ட்மென்டில் அவர் வெறும் 'மூணாவது மாடி அங்கிள்'.

தமிழ்நாட்டில் இதில் சங்கடமான ஒரு பக்கமும் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். யாழ்ப்பாண மருத்துவமனை உட்படப் பல இடங்களில் தமிழ் மக்கள் அந்தப் படையால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியல் முடிவுக்குக் காரணங்கள் இருந்தன, அதை நான் இங்கே பிரிக்கப் போவதில்லை. என் கேள்வி, அந்தக் கப்பலில் வந்திருக்கக்கூடிய தமிழ்ச் சிப்பாயைப் பற்றி. போகச் சொன்னது அவர் இல்லை. அவர் மொழி பேசுகிற மக்கள் நடுவில் துப்பாக்கியோடு நின்றார், திரும்பியதும் அதைப் பேச ஊரில் இடமே இல்லை. ஒரு போரை நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு, போய் வந்த மனிதரிடம் "அங்க எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது வேறு. ரெண்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

சரி, என்ன செய்யலாம்? பொன்னாடை எனக்குப் பிடிக்காது. ரெண்டு நிமிஷ போட்டோ, அப்புறம் அவர் அதை மடித்து பீரோவில் வைப்பார். கேட்பது மேல், அதுவும் சரியான கேள்வி. "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பது சினிமாக் கேள்வி. "எந்த யூனிட்? என்ன வேலை? எங்கெல்லாம் போஸ்டிங்?" என்று ஆரம்பிக்கலாம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் மையம் வெலிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, அவர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயரே 'தம்பி'. எனக்குத் தெரிந்த எழுபது தாண்டிய ஒருவரிடம் "நீங்க தம்பியா சார்?" என்று கேட்டேன். அரை நிமிஷம் என்னையே பார்த்தார். "நான் சண்டையே போடலைப்பா. பாலம் போட்டேன்" என்று தொடங்கியவர், இரவோடு இரவாக பெய்லி பாலத்தை எப்படிப் பூட்டுவார்கள் என்று தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்த பேத்திக்கு அதெல்லாம் புதுச் செய்தி.

இதை ஊர் அளவில் செய்யவும் வழி இருக்கிறது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கிராம சபை கூடுகிறது. ஊரில் இருக்கிற முன்னாள் சிப்பாய்களின் பெயர், படைப்பிரிவு, சேவை செய்த ஆண்டுகள், இருந்த இடங்கள் என ஒரு பட்டியல் எழுதி அங்கே வாசிக்கலாம். செலவு ஒரு நோட்டு. 1971 போரில் இருபது வயதாக இருந்தவருக்கு 2021-லேயே எழுபது ஆகிவிட்டது. தள்ளிப்போட நேரமில்லை.

எழுதும்போது ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டாம். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பதக்கங்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பதக்கம் கிடைத்தால் முகப்பை விட்டுவிட்டு ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் அவருடைய எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். லென்ஸ் ஒன்று கொண்டு போங்கள்.