ஆரணிப் போரும் அங்குல வீரரும்

எமது ஊராகிய ஆரணியை அறிந்தோர் பட்டைக் கொண்டே அதனை அறிவர். வைகறையிலேயே தெருத்தோறும் தறியோசை எழும் அவ்வூரிற் பிறந்த யாம், ஊரின் அருகே 1751-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு போர் நிகழ்ந்ததென்பதைக் கல்லூரி நூல்நிலையத்திலேதான் முதன்முதல் கற்றோம் என்று கூற நாணமாகவே இருக்கிறது. யாம் கண்ட பாடநூலில் அதற்குக் கிடைத்த இடம் ஒரே வரி: ஆரணியிற் கிளைவு வென்றான். அவ்வொரு வரியைப் பலகைமேற் பரப்பிப் பார்த்தால் என்னவென்று தோன்றிற்று. சென்ற கோடை விடுமுறையில் அவ்வாறே செய்தோம்.

போர்ப்பொருள்களைச் சிறிதாக்கிச் செய்தல் சிறுவர் விளையாட்டென்று பலர் எண்ணுவர். அதன் தொடக்கமோ அரசருடையது. பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1668 முதல், எல்லைக் கோட்டைகளையெல்லாம் அறுநூற்றில் ஒரு பங்கு அளவில் மரத்தாலும் அட்டையாலும் சமைத்து வைத்தனர். அவற்றுட் பல இன்றும் பாரிசு நகரில் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் நூரென்பெர்க்கு நகரத்தார் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து விற்றனர். பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாதிரிகள் இங்கிலாந்தில் 1936-இல், 'பிராக் பெங்குவின்' என்னும் பெயருடைய ஆகாய விமானங்களாக வெளிவந்தன. அவற்றின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இவ்வெண் எங்கிருந்து வந்ததென்று வியக்கவேண்டா. ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இவ்வளவில் ஓரங்குலமாக நிற்பான்.

எம் மாமா தறியில் நெய்பவர். அவரிடம் இதனை விளக்கியபோது, "நாங்கள் கட்டத்தாளில் மயிலைப் பெரிதாக எழுதிப் புடவையிற் சிறிதாக்குகிறோம், நீ பெரிய மனிதனைச் சிறிதாக்குகிறாய். எண்ணிக்கை தவறினால் இரண்டும் கெடும்" என்றார். அவர் சொல் விரைவிலேயே பலித்தது. யாம் முதலில் வாங்கிய பீரங்கி நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவினது. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததை நோக்காது வாங்கிவந்தோம். அதன் சக்கரம் எம் வீரரின் மார்பளவு நின்றது. பிழை எம்முடையதே.

நிற்க. போரின் செய்தி இது. ஆர்க்காட்டு முற்றுகை 1751 நவம்பரில் நீங்கியபின், சந்தா சாகிபின் மைந்தன் ராசா சாகிப் பிரெஞ்சுத் துணைப்படையோடு ஆரணியை நோக்கினான். கிளைவு பின்தொடர்ந்தான். கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்கின்படி, கிளைவிடம் இருந்த ஐரோப்பியர் 200 பேர், சிப்பாய்கள் 700 பேர், முராரி ராவைச் சேர்ந்த மராட்டியக் குதிரைவீரர் சுமார் 600 பேர். எதிரே 300 பிரெஞ்சுக்காரரும் சுமார் 4,500 சுதேசப் படையினரும். கிளைவின் இடப்புறத்துத் தோப்பில் மராட்டியர், வலப்புறத்துச் சிற்றூரிற் சிப்பாய்கள், நடுவெளியில் ஐரோப்பியர். முன்னே சேறாய்க் கிடந்த நெல்வயல். அதனூடே ஒரே ஒரு வரப்புச்சாலை. பீரங்கி சேற்றில் உருளாது. ஆதலால் பிரெஞ்சுக்காரர் சாலையிலேயே நெருங்கி வரவேண்டியதாயிற்று. சிற்றூர்ப் பக்கத்துப் பீரங்கிகள் அச்சாலையை நெடுகச் சுட்டன. தோப்பிலோ, மராட்டியர் தம்மினும் மிக்க குதிரைப்படையோடு மீண்டும் மீண்டும் மோதினர். இருட்டும் வேளையில் ராசா சாகிபின் படை கலைந்தது.

இதனைப் பலகையில் அமைக்கப் புகுந்தபோது முதல் இடர் நிலத்தால் வந்தது. எழுபத்திரண்டில் ஒரு பங்கெனின் ஒரு கிலோமீட்டர் நிலத்திற்கு ஏறக்குறைய 14 மீட்டர் நீளமுள்ள கூடம் வேண்டும். எம் வீட்டுத் தறிக்கூடமும் போதாது. ஆகவே ஆளுக்கு ஓரளவும் நிலத்திற்கு ஓரளவும் கொள்வது இத்தொழிலிற் பழகிய சமரசம். தேங்காய்நாரை வயலாக நட்டோம். ஈர்க்கில் முனையிற் பச்சைச் சாயமிட்ட கழிவுப் பட்டுநூலைக் கட்டிப் பனைகளாக்கினோம். மாமா நூலைத் தந்தாரேயன்றி அப்பனைகளை மெச்சவில்லை.

இரண்டாம் இடர் ஆட்களால் வந்தது. ஏழாண்டுப் போரின் பிரஷ்யரும் ஆஸ்திரியரும் பிளாஸ்டிக் பெட்டிகளிற் கிடைக்கின்றனர். சிறிது செதுக்கிச் சிவப்புத் தீட்டினால் கிளைவின் ஐரோப்பியர் ஆகிவிடுவர். சிப்பாய்களுக்கோ யாம் தேடிய கடைகளிற் பெட்டியே இல்லை. சிவப்புச் சட்டைக்காரரையே முகம் கறுப்பாக்கி நிறுத்தலாமென்றான் நண்பனொருவன். அது பொய்யாகும். கம்பெனிச் சிப்பாய்கள் பட்டாளங்களாக வகுக்கப்பட்டது 1758-ஐ ஒட்டியே. ஆரணியில் நின்றோர் தத்தம் நாட்டுடையில் நின்றோர். ஆதலின் மெழுகும் மெல்லிய துணியும் கொண்டு தலைப்பாகையும் அரைக்கச்சும் ஒவ்வொன்றாகச் செய்தோம். ஒரு பொம்மைக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது.

இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று கொண்டோம். கிளைவின் பக்கம் நிரம்பியபோது சிவப்புச் சட்டை 10, சிப்பாய்கள் 35, குதிரைகள் 30. கிளைவு வென்றான் என்ற வரியைப் பன்முறை படித்திருந்த யாம் அப்பலகையின்முன் சிறிதுநேரம் பேசாதிருந்தோம். அப்பத்துப் பொம்மைகளையும் கையால் மறைத்தாலும் போர்க்களம் நிறைந்தே தோன்றிற்று. பின்னர் இழப்பின் கணக்கை நோக்கினோம். அந்தப் பக்கத்தில் விழுந்தோர் 8 சிப்பாய்களும் சுமார் 50 மராட்டியரும். ஐரோப்பியருள் ஒருவரும் மாளவில்லை. கீழே கிடத்தவேண்டிய பொம்மைகளுட் சிவப்புச் சட்டை ஒன்றேனும் இல்லை.

1782 ஜூன் மாதத்தில் ஐதர் அலியும் ஐர் கூட்டும் இதே ஆரணியருகிற் பொருதனர். அது வேறொரு பலகைக்கு உரியது.

போர் முடிந்தபின் ராசா சாகிபின் சிப்பாய்களுட் பலர் தம் துப்பாக்கிகளுடனேயே வந்து கிளைவிடம் ஊழியம் ஏற்றனர். அவர்களைக் காட்டப் புதிய வண்ணம் எதுவும் தேவைப்படவில்லை; இருபக்கத்தாரின் உடையும் ஒன்றே. பலகையின் அந்தக் கோடியிலிருந்து சிலரை எடுத்து இந்தக் கோடியில் வைத்தோம். மாமா குனிந்து பார்த்து, எவர் எப்பக்கத்தவரென்று வினவினார்.