நுரையீரலைத் துறந்த காட்டுவாசி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் ஹப்பார்டு புரூக் என்றோர் ஆய்வுக் காடு உண்டு. அங்கே சாலமாண்டர்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் மொத்த எடை எவ்வளவு என்று தாமஸ் பர்ட்டன், ஜீன் லைக்கன்ஸ் ஆகிய சூழலியலாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1975-இல் முடிவு வெளியானது. ஹெக்டேருக்குச் சுமார் 2,950 சாலமாண்டர்கள்! அவற்றின் மொத்த எடையோ, இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் காட்டில் திரளும் பறவைகளின் மொத்த எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இவ்வளவு இருந்தும் காட்டில் நடப்பவர் கண்ணில் அவை படுவதில்லை. சருகுக்கு அடியிலும் மட்கிய மரக்கட்டைக்குள்ளும்தான் வாசம். அங்கு கிடைத்தவற்றில் பெரும்பான்மை செம்முதுகு சாலமாண்டர். நீளம் 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பார்த்தால் பல்லி என்று தோன்றும். ஆனால் செதிலும் இல்லை, நகமும் இல்லை. தவளையின் உறவு இது.

இதற்கு நுரையீரலும் இல்லை.

மெல்லிய தோலுக்கு அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும் ஆக்ஸிஜன் நேரே ரத்தத்தில் கலக்கிறது. தோல் ஈரமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். காய்ந்துவிட்டால் மூச்சு நின்றுவிடும். அதனால் மழை பெய்த இரவுகளே இதன் வேட்டைக் காலம். எறும்பு, உண்ணி, கறையான், வண்டுப் புழு என அகப்பட்டதை விழுங்கும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

முட்டையிடவும் குளம் குட்டை தேவையில்லை. தாய் மட்கிய கட்டையின் பொந்துக்குள் சில முட்டைகளை இட்டு, பல வாரங்கள் காவல் கிடக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. வெளிவரும் குஞ்சு தாயின் சிற்றுருவமாகவே இருக்கும். முட்டைக்குள் வளரும் கருவில் நுரையீரல் துளிர்த்து, பிறகு மறைந்துபோவதை 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முன்னோர் விட்டுப்போன தடம் அது.

உலகின் சாலமாண்டர் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த நுரையீரலற்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றன. தெற்கு ஐரோப்பாவில் சில உண்டு. ஆசியாவில் எதுவும் இல்லை என்றே அறிவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். 2005-இல் தென்கொரியாவிலிருந்து ஓர் இனம் விவரிக்கப்பட்டதும் அந்த நம்பிக்கை உடைந்தது.

நம் ஊரில் உழவனின் நண்பன் என்று பெயரெடுத்த மண்புழு, வட அமெரிக்காவில் செம்முதுகு சாலமாண்டருக்கு எதிரி. பனியுகத்தில் பனிப்பாளம் மூடிக் கிடந்த பகுதிகளின் காடுகளில் முன்பு மண்புழுவே இருந்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து, தூண்டில் இரையாகவும் பரவிய மண்புழுக்கள் சருகைத் தின்று தீர்க்கின்றன. சருகு போனால் ஈரம் போகும், பூச்சிகள் போகும், சாலமாண்டரும் குறைகிறது. இன்னோர் அச்சம், ஐரோப்பாவில் சாலமாண்டர்களைக் கொன்ற ஒரு பூஞ்சை. அது நுழையாமல் தடுக்க 2016-இல் அமெரிக்க அரசு 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் காட்டுப் பாதையில் நடக்கும்போது இவற்றைப் பார்க்கலாம். கட்டையைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே திருப்பி வையுங்கள். கிரீமோ கொசு மருந்தோ பூசிய கையால் மட்டும் தொடாதீர்கள். அது மூச்சு விடுவதே அந்தத் தோலால்தான்.