காலிலிருந்து தாடைக்கு

1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியபோது, மாரண்டஹள்ளி சேலம் மாவட்டத்து ஊர். இன்று அவ்வூர் இருக்கும் தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். அவ்வூர்க்காரர் ஒருவருக்குப் புகையிலை அடக்கிய கன்னத்துப் புற்றுப்புண் தாடைக்குள் இறங்கிவிட்டால், அன்றைய வைத்தியம் பெரும்பாலும் எலும்பை வெட்டி எடுப்பதோடு நின்றது. முகவாயைத் தாங்கும் நடு எலும்பு போனவருக்கு உதடு மூடாது, எச்சில் வழியும், நாக்கு பின்னால் சரியும். உயிர் பிழைத்தவர் பந்தியில் உட்காருவதை விட்டார்.

எலும்பு ஒட்டும் வித்தை அன்றும் இருந்தது. முதல் உலகப் போரில் தாடை சிதைந்த சிப்பாய்களுக்கு இடுப்பு எலும்பையும் விலா எலும்பையும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அது ரத்த ஓட்டம் அறுந்த துண்டு. சுற்றியுள்ள சதை மெல்ல ரத்தம் கொடுத்தால்தான் பிழைக்கும். இடைவெளி 6 செ.மீ.யைத் தாண்டினாலோ, கதிர்வீச்சில் சதை வெந்திருந்தாலோ, அது கரைந்தோ சீழ்பிடித்தோ போவதே அதிகம். 1979க்குப் பின் மார்புத் தசையைத் திருப்பி வாயை மூடும் முறை பரவியது. காயம் ஆறியது, எலும்பு திரும்பவில்லை.

1989இல் நியூயார்க் மருத்துவர் ஹிடால்கோ முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் ஓடும் மெல்லிய எலும்பை ரத்தக் குழாய்களோடு எடுத்து, தாடை வளைவுக்கு வெட்டி மடித்து, கழுத்துக் குழாய்களோடு இணைத்ததை எழுதினார். குழாயின் அகலம் சில மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெலிது. உடல் எடையைப் பக்கத்துப் பெரிய எலும்பு தாங்குவதால் நடை பெரிதும் கெடுவதில்லை. உயிருள்ள எலும்பு என்பதால் அதில் பல்லும் பதிக்கலாம். அன்று கண்ணளவில் செதுக்கிய வளைவை இன்று சி.டி. படத்தைக் கொண்டு கணினி வகுக்கிறது; முப்பரிமாண அச்சில் எடுத்த வழிகாட்டியைப் பொருத்தி எலும்பை அறுக்கிறார்கள். நேரம் மிச்சம், பொருத்தமும் துல்லியம். கைப்பழக்கத்தில் வந்த அந்தச் செதுக்கல் அருகுவதை இழப்பு என்றே நினைக்கிறேன்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் உண்டு. ஆனாலும் இரு குழுக்கள் எட்டு, பத்து மணி நேரம் நின்று செய்யும் இவ்வறுவைக்கு மாரண்டஹள்ளிக்காரர் பெரும்பாலும் பெருநகரத்துக்கே போக வேண்டும்.

காலைத் தொடாமலே எலும்பை வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. எலும்பைத் தூண்டும் புரதத்துக்கான தடயத்தை 1965இல் எலும்பு மருத்துவர் யூரிஸ்ட் கண்டார். இன்று அது முதுகெலும்பு அறுவையில் பயன்படுகிறது. ஆனால் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் என்பதால் புற்று இருந்த இடத்தில் அதை வைக்கத் தயங்குகிறார்கள். தாடையை அதிகம் இழப்பவர்களோ புற்றுநோயாளிகள்தான்.