தேவாரம் மலைச்சாலை: எந்தத் தடத்தில் போனால் நிலத்துக்கு நல்லது?

தேவாரத்தில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைமுகட்டுக்கு அப்பால் கேரளத்தின் உடும்பன்சோலை வட்டம் இருக்கிறது. நம் பகுதி விவசாயிகள் பலருக்கு அங்கே ஏலத்தோட்டம் உண்டு. அதைவிடப் பல மடங்கு பேருக்கு அங்கேதான் அன்றாடக் கூலி. ஆனால் ஜீப்பில் போக வேண்டுமானால் வடக்கே போடி சென்று, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை வழியாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் தெற்கே கம்பம் சென்று கம்பம்மெட்டு வழியாக ஏற வேண்டும். எப்படிப் போனாலும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நேர் மேற்கே சாக்குலூத்து மெட்டு வழியாக ஒரு நடைபாதை இருக்கிறது. அதைச் சாலையாக்கித் தர வேண்டும் என்பது இவ்வூர் மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை.

கோரிக்கை நியாயமானது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பேசுகிற அளவுக்கு, அது எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பதை நாம் பேசுவதில்லை. விவசாயிக்கு ஆதாயமோ நஷ்டமோ தடத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 'நடைபாதை சில கிலோமீட்டர்தானே, அதை அகலப்படுத்தினால் போதுமே' என்று கூட்டங்களில் பலர் கேட்கிறார்கள். நடைபாதை மனிதனின் முழங்காலை நம்பிப் போடப்பட்டது. அதில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு என் முழங்கால் இரண்டு வாரம் என்னை மன்னிக்கவில்லை. வண்டிச் சாலை அப்படி ஏற முடியாது. மலைச்சாலைக்கு இந்திய சாலைக் குழுமம் வகுத்துள்ள பொதுவான ஏற்றம் இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர். மிகச் செங்குத்தான மலையில் நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. அடிவாரத்திலிருந்து முகடு வரை 800 மீட்டர் ஏற வேண்டும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆறு மீட்டர் ஏற்றத்தில் போட்டாலும் சாலை பதின்மூன்று கிலோமீட்டருக்குக் குறையாமல் வளைந்து வளைந்து போகும். வடிகால், தாங்குசுவர் எல்லாம் சேர்த்து எட்டு மீட்டர் அகலம் என்றால் பத்து ஹெக்டேருக்கு மேல் நிலம் போகும்.

இந்தக் கணக்கு சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. மலைச்சரிவு வனநிலம். 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியின்றி அதை வேறு காரியத்துக்கு எடுக்க இயலாது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், கிராமசபையின் பரிந்துரையோடு சாலை போன்ற ஊர்த் தேவைகளுக்கு நிலம் தர வழி உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலத்தில் போட்டால் ஒரு ஹெக்டேரில் இரண்டு கிலோமீட்டர் சாலைதான் வரும். ஆகவே அந்தக் குறுக்கு வழி இந்த மலைக்கு எட்டாது.

இன்னொன்று காட்டுவிலங்கு. பக்கத்திலுள்ள பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எதிர்த்து 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன காரணங்களுள் ஒன்று, பெரியாறு காட்டுக்கும் மதிகெட்டான் சோலைக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி இம்மலை என்பதாகும். சாலை பற்றிய விசாரணையிலும் இதே கேள்வி வரும். அதற்கு இப்போதே பதில் தயாராக வைத்திருப்பது நல்லது. பந்திப்பூரிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு இரவுச் சாலை எதற்கு? இரவில் மூடிவைக்கும் சாலையாகவே கேட்டால் கோரிக்கை வலுப்படும் என்பது என் எண்ணம். இதைச் சொன்னால் வியாபாரிகள் சிலர் என்மேல் வருத்தப்படுவார்கள்.

இனி மண்ணுக்கு வருவோம். இம்மலையின் அடிப்பாறை சார்னோகைட் எனும் மிகக் கடினமான பாறை. வெடி வைத்தால்தான் உடையும். ஆனால் மேலே பல இடங்களில் உளுத்த பாறையும் மண்ணும் போர்வைபோல் கிடக்கின்றன. அடியில் வெட்டினால் மழைக்காலத்தில் இந்தப் போர்வை அப்படியே சரியும். மூணாறு - போடிமெட்டு தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது, கேப் ரோடு பகுதியில் 2019-லும் 2020-லும் பெரிய நிலச்சரிவுகள் ஏற்பட்டன. கல்லும் மண்ணும் சாலையோடு நிற்காமல் கீழேயிருந்த விளைநிலங்கள் மீதும் போய் விழுந்தன. நம் பக்கத்துச் சரிவு மழை மறைவுப் பகுதி, வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது என்று அலட்சியம் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராக மோதுவது இந்தக் கிழக்குச் சரிவில்தான். போடிமெட்டுச் சாலையில் பாறை உருள்வதும் அம்மாதங்களில்தான்.

ஆகையால் தடம் குறிக்கும்போது விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது ஓடைகள். மலையின் முதுகெலும்பான தோள்பகுதியை ஒட்டிச் சாலை போனால் ஓடைகளைக் கடக்கும் இடங்கள் குறையும். ஓடைப் பள்ளத்தை ஒட்டிப் போனால் செலவு குறைவுபோல் தோன்றும்; பிறகு ஒவ்வொரு மழைக்கும் செலவு. வெட்டியெடுத்த மண்ணை ஒப்பந்தக்காரர் அருகிலுள்ள பள்ளத்தில் தள்ளிவிடுவது வழக்கம். பள்ளம் என்பது ஓடைதான். அந்த மண் ஒரே மழையில் அடிவாரக் கண்மாய்க்கு வந்து சேரும். 18-ம் கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கண்மாயில் மண் மேடிட்டால், வரும் தண்ணீரையும் தேக்க முடியாது. எனவே மண் கொட்டும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துக் காட்டச் சொல்லி, கிராமசபையில் எழுதி வாங்க வேண்டும்.

அடுத்து மலைமாடு வளர்ப்போர். கிடை போட்டு நம் மானாவாரி நிலங்களுக்கு உரம் தரும் இந்த மாடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில்தான் ஏறி இறங்குகின்றன. மேய்ச்சலைக் குறித்து நீதிமன்றம் 2022-ல் விதித்த கட்டுப்பாடுகளால் ஏற்கெனவே அவர்கள் கலங்கிப் போயிருக்கிறார்கள். சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டினால் பத்தடி உயரச் சுவர் எழும். மனிதன் சுற்றிப் போவான், மாடு நின்றுவிடும். மாட்டுத்தடம் சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் சாய்வாக வெட்டினால் போதும். அந்த இடங்கள் எவை என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. கிடைக்காரரை அழைத்துப்போய்த்தான் குறிக்க முடியும்.

வனஎல்லைக்கு இப்பால் பட்டா நிலங்கள். மா, தென்னை, இலவம் நிற்கும் தோட்டங்கள் இவை. 2013-ம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி நிலத்துக்கு மட்டுமன்றி அதிலுள்ள மரம், பயிர், கட்டடம் ஆகியவற்றுக்கும் தனித்தனியே மதிப்புப் போட வேண்டும். மொத்தத்தின் மீது நூறு சதவிகிதம் ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் அடங்கலில் ஏறாத மரத்தை மதிப்புப் போடுவோர் கண்ணில் காட்டுவது கடினம். இருபது வருட இலவந்தோப்பு அடங்கலில் 'தரிசு' என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று மர எண்ணிக்கையை இந்தப் போகத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அளவைக் கல் நட்ட பிறகு ஓடுவதில் பயனில்லை.

சாலை வெட்டிய சரிவைக் காக்க வெட்டிவேரை நான் சிபாரிசு செய்வேன். அதன் வேர் இரண்டு, மூன்று மீட்டர் நேராகக் கீழே இறங்கும், பக்கவாட்டில் பரவாது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், தூருக்குத் தூர் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் போதும். தாங்குசுவர் கட்டும் செலவில் இது சிறு பங்குதான். பாறைமுகத்தில் மட்டும் பயன்படாது. மழைக்குமுன் நட்டு வேர்பிடிக்க வைக்க வேண்டுமென்பதால், வேலை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே ஊரில் யாராவது நாற்றங்கால் போட்டிருக்க வேண்டும். ஐந்து சென்ட் நிலமும் கிணற்றுப் பாசனமும் உள்ள மகளிர் குழுக்களுக்கு இது ஏற்ற தொழில்.