பருவுள்ள முகத்திற்கு ஒப்பனை செய்யலாமா?

எங்கள் தோல் மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு முகப்பருவுடன் வரும் இளம்பெண்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பவுடராவது போடலாமா, டாக்டர்?" உடன் வந்த தாயார் பெரும்பாலும் எங்களை முந்திக்கொள்வார்: "அதையெல்லாம் பூசித்தானே இப்படி ஆயிற்று!" இருவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது.

எங்கள் விடை, 'போடலாம்' என்பதே. ஒப்பனையை அடியோடு விட்டுவிடச் சொல்வது மருத்துவருக்கு எளிது. ஆனால் பருவும் அதன் கறையுமாகக் கல்லூரிக்குச் செல்லக் கூசி, நிழற்படம் எடுக்கும்போதெல்லாம் பின்வரிசைக்கு ஒதுங்கும் பெண்ணுக்கு அது தண்டனையாகவே படும். ஜப்பானில் முகப்பரு உள்ள பெண்களுக்குச் சிகிச்சையுடன், முகத்தைப் பேணவும் ஒப்பனை செய்யவும் தோல் மருத்துவர்களே முறையாகக் கற்றுக்கொடுத்து ஆராய்ந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில், ஒப்பனையால் சிகிச்சை கெடவில்லை என்பதும், அப்பெண்களின் மனநிலையும் அன்றாட வாழ்வும் மேம்பட்டன என்பதும் தெரிந்தன. எனவே கேள்வி, எதைப் பூசுவது, எப்படிப் பூசுவது, எப்படிக் களைவது என்பதுதான்.

தாயார் சொல்வதில் உள்ள உண்மையையும் பார்ப்போம். தோலின் ஒவ்வொரு மயிர்க்கால் துளையோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. அதில் ஊறும் எண்ணெயும் உதிரும் தோல் அணுக்களும் துளையின் வாயில் ஒட்டிக்கொண்டு அடைப்பாகின்றன. அடைப்புக்குள் கிருமி பெருகி வீங்கும்போது அது சிவந்த பருவாகிறது. சில ஒப்பனைப் பொருள்கள் இந்த அடைப்பை விரைவுபடுத்தும். கன்னத்திலும் முகவாயிலும் குருணை குருணையாக, வலியின்றி எழும் இவ்வகைப் பருவை, அமெரிக்க ஆய்வாளர்களான ஆல்பர்ட் கிளிக்மனும் ஓட்டோ மில்ஸும் 1972இல் தனியாக விவரித்து, 'ஒப்பனைப் பரு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். அடைப்பு ஒரே இரவில் உண்டாவதில்லை; வெளியே தெரிவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் எந்தக் குப்பியால் பரு வந்தது என்று பலரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. நேற்று வாங்கியதைக் குறை சொல்வார்கள். காரணம் சென்ற மாதம் வாங்கியதாக இருக்கும்.

கடையில் வாங்கும்போது 'நான்-காமிடோஜெனிக்' என்ற சொல்லைத் தேடுங்கள். துளையை அடைக்காதது என்பது அதன் பொருள். ஆனால் இச்சொல்லுக்குச் சட்டம் வகுத்த அளவுகோல் இல்லை. அதை ஒரு நல்ல தொடக்கமாகக் கொள்ளலாமே தவிர, உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. 'ஆயில் ஃப்ரீ' என்பதும் அவ்வாறே. ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்னும் பொருள் எண்ணெய்க் கணக்கில் சேராது. ஆயினும் துளையை அடைப்பதில் எண்ணெயை விஞ்சக்கூடியது. அதையும், ஐசோபுரோப்பைல் பால்மிட்டேட், கோக்கோ பட்டர், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றையும் உட்பொருள் பட்டியலின் முதல் சில பெயர்களுள் கண்டால் அப்பொருளைத் தவிர்ப்பது நல்லது. பட்டியலில் பொதுவாக மிகுதியாக உள்ள பொருளே முதலில் வரும். முதற்பெயர் தண்ணீராக உள்ள இலகுவான ஃபவுண்டேஷன், பருவுள்ள பெரும்பாலோருக்கு ஒத்துப்போகிறது. டைமெத்திகோன் போன்ற சிலிகான் பொருள்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை துளையை அடைப்பவை அல்ல.

இங்கே, ஒப்பனையோடு சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெற்றி முழுதும் பொடிப் பருக்களுடன் வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, தலைக்கு எவ்வளவு எண்ணெய் வைக்கிறீர்கள் என்பதைத்தான். படிய வாரிய தலையிலிருந்து வழியும் தேங்காய் எண்ணெய்க்கும் நெற்றிப் பருவுக்கும் உள்ள உறவு நன்கு அறியப்பட்டதே. பழி மட்டும் பவுடர் டப்பாவின் மேல் விழுகிறது.

இனிப் பூசும் முறை. மென்மையான ஃபேஸ் வாஷினால் முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காலையில் பூச மருத்துவர் எழுதித் தந்த மருந்து இருந்தால், அதுவே முதலில் தோலைத் தொட வேண்டும். அது உலர்ந்தபின் ஜெல் வகை மாய்ஸ்சுரைசர், அதன்மேல் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், அதற்கும் மேலேதான் ஒப்பனை. எண்ணெய் வடியும் முகத்துக்கு மாய்ஸ்சுரைசர் எதற்கு என்று பலர் வியக்கிறார்கள். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு ஆகிய மருந்துகள் தோலை உலர்த்தி உரியச் செய்யும். உரியும் தோலின்மேல் ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாக நிற்கும். அதை மறைக்க மேலும் பூசத் தோன்றும்.

முகம் முழுவதும் அப்புவதைவிட, வேண்டிய இடத்தில் மட்டும் கன்சீலரைத் தொட்டு வைப்பது மேல். சிவந்த பருவுக்குப் பச்சை நிறக் கன்சீலர் என்று காணொளிகளில் சொல்லப்படுவது வெளிறிய தோலுக்குப் பொருந்தும். நம்மில் பெரும்பாலோருடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் உறுத்தி நிற்பது பருவின் சிவப்பு அன்று. பரு ஆறியபின் தங்கும் பழுப்புக் கறை. அதற்குப் பீச் அல்லது ஆரஞ்சுச் சாயல் கொண்ட கன்சீலரே ஏற்றது. அதன்மேல், உங்கள் தாடையோரத்துத் தோலோடு கலந்து மறையும் நிறத்தில் ஃபவுண்டேஷனை மெல்லிதாக ஒற்றுங்கள். ஒரு படி வெளுப்பான நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் கறை சாம்பல் பூத்துத் தெரியும். விரலானாலும் பஞ்சானாலும் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி முற்றிலும் உலர்த்துங்கள். அக்காள் தங்கையரானாலும் அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

எங்கள் அனுபவத்தில், பொருளைத் தேர்வதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதைக் களைவதில் பலர் காட்டுவதில்லை. திருமண வரவேற்பிலிருந்து நள்ளிரவில் திரும்பி, அப்படியே படுத்துவிடுகிறார்கள். அல்லது தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்து, அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாட்டியம் பயில்வோரிடம் இப்பழக்கம் மிகுதி. அரங்க ஒப்பனையைக் கரைக்க எண்ணெய் உதவும் என்பது சரிதான். ஆனால் பருவுள்ள முகத்தில் அது தங்கக் கூடாது. மைசெல்லர் நீரில் நனைத்த பஞ்சால் முதலில் மெதுவாகத் துடைத்து, பிறகு ஃபேஸ் வாஷினால் கழுவினால் போதும். சொரசொரப்பான ஸ்கிரப் வேண்டாம். பரு உடைந்து கறை ஆழமாகும். இரவில் பூச வேண்டிய மருந்து இவ்வாறு கழுவி உலர்ந்த முகத்தில்தான் வேலை செய்யும்.

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் சில பருக்கள் கூடும், அவ்வளவே. இனிச் சொல்வது அப்படியன்று. பருவின் கறையை மறைப்பதற்குப் பதில் அழித்துவிட எண்ணி, மருந்துக் கடையிலோ அழகு நிலையத்திலோ 'முகம் வெளுக்கும் க்ரீம்' வாங்கிப் பூசுவோர் பலர். இவற்றுள் சில, பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டுகள் கலந்தவை. முதற்சில வாரங்களில் பரு அடங்கும், முகம் பளிச்சென்றாகும். தோழிகள் க்ரீமின் பெயரைக் கேட்பார்கள். நாளடைவில் தோல் மெலிந்து நுண்குழாய்கள் சிவந்து தெரியும், பெண்களின் முகத்தில் முடி வளரும், நிறுத்திய சில நாள்களில் எரிச்சலும் சிவப்புமாக முன்பைவிட மிகுதியாகப் பரு கிளம்பும். அதைத் தாங்க முடியாமல் மீண்டும் அதையே பூசுவார்கள். 2018இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றுள் சேர்த்தது. ஆயினும் விற்பனை நின்றபாடில்லை. இப்போது நீங்கள் இப்படி ஒன்றைப் பூசி வருகிறீர்கள் என்றால், அச்சத்தில் நீங்களாகவே திடீரென நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள். படிப்படியாக விடுவிக்க வழி உண்டு.

தயாரித்தவர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசமும் இருக்கக்கூடும். அது தோலோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுற்றதை அங்குள்ள மருத்துவர்கள் அண்மையில் பதிவு செய்துள்ளனர். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் அதன் அறிகுறிகள். ஒப்பனை தோலின் மேல் இருந்துவிட்டு இரவில் போய்விடும். இவ்வகை க்ரீம் உடலுக்குள் செல்கிறது. பருக்கறை பெரும்பாலும் சன்ஸ்கிரீனாலும் முறையான மருந்தாலும் மாதக்கணக்கில் மெல்ல மங்கிவிடும்.

திருமணம் நிச்சயமானோருக்குச் சில சொற்கள். மணநாளுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் முகத்துக்குப் புதிய பொருள் எதையும் அறிமுகப்படுத்தாதீர்கள். மணநாள் ஒப்பனைப் பொருள்களை முன்னதாகவே கேட்டறிந்து, தாடையோரத்தில் சில நாள்கள் பூசிப் பாருங்கள். முந்தைய வாரத்தில் ஃபேஷியலும் ப்ளீச்சும் வேண்டாம். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்பவர்கள் முகத்தில் வேக்சிங் செய்தால் தோலே உரிந்து வரக்கூடும். அதைவிட முக்கியமானது: அம்மாத்திரை கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை விளைவிக்கவல்லது. உண்ணும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. ஆகவே மணநாள் குறித்தவுடன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைப் பெண்ணே கூச்சத்தால் சொல்லாமல் விடுவதுண்டு. உடன் வருவோர் நினைவூட்டலாம்.

அடுத்த முறை வரும்போது, முகத்தில் பூசும் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்: பவுடர், க்ரீம், தலை எண்ணெய், பெயரில்லாத டப்பா எதுவானாலும். மகனுக்குப் பரு இருந்தால் அவன் பூசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்காளின் வெளுப்பு க்ரீமைத் திருட்டுத்தனமாகப் பூசும் பிள்ளைகளையும் நாங்கள் பார்க்கிறோம். யாரையும் கடிந்துகொள்ள மாட்டோம். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்துத் தருவோம்.