மீற்றர் காட்டாத ஓட்டம்

திருகோணமலையில் கெப் வண்டி வைத்திருப்போரிடம், அதன் எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றுவது என்று கேட்டால், ‘ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை’ என்ற விடை பெரும்பாலும் தயக்கமின்றி வரும். சேவிஸ் நிலையத்தாரும் எண்ணெயை மாற்றியவுடன், அடுத்து மாற்றவேண்டிய தொகையை ஒரு சிற்றட்டையில் எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். மீற்றர் அத்தொகையை எட்டும்வரை எண்ணெயைப் பற்றிய நினைவே எழுவதில்லை. அதே உரிமையாளருக்கு மீன்பிடிப் படகு ஒன்றும் இருக்குமானால், அதன் எஞ்சினுக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு வேறு. அங்கே கிலோமீற்றர் இல்லை, மணித்தியாலமே அளவு. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயல் உழுகின்ற உழவு இயந்திரத்துக்கும் மணித்தியாலக் கணக்கே உண்டு. மூன்றும் டீசல் எஞ்சின்களே. அவ்வாறிருக்க, வீதியில் ஓடும் வண்டிக்கு மட்டும் தூரத்தை அளவாகக் கொண்டது ஏன்?

காரணம் எளியது. வண்டியில் தூரங்காட்டும் மீற்றர் இருக்கின்றது. பெரும்பாலான கெப் வண்டிகளில் மணித்தியாலம் காட்டும் மீற்றர் இல்லை. சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குத் தூரக் கணக்கு ஓரளவு பொருந்தும். துறைமுக நகரொன்றில் ஓடியும் நின்றும் காலங்கழிக்கும் வண்டிக்கு அது பொருந்துவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாததால் வரும் இழப்பு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் பழைய வண்டியே வண்டி என்ற நிலை இருந்தது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது எண்ணெய்ப் போத்தலின் விலையும் ஏறிற்று; ஏறவே, மாற்றும் தவணையைத் தள்ளிப்போட்டோர் பலர். தடை நீங்கிய பின்னரும், மீன் ஏற்றியும் கூலிக்கு ஓடியும் பிழைக்கும் குடும்பத்துக்குப் புதிய வண்டி எட்டாக் கனியே. அத்தகைய வீட்டில் எஞ்சின் இறுகி நின்றால், வண்டி மட்டும் நிற்பதில்லை.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கின்றது என்பதை முதலில் காண்போம். மாட்டுவண்டிக் காலத்தில் அச்சுக்கு மசகு இடுவது வழக்கம். வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்துச் செய்த அந்த மசகுக்கு வேலை ஒன்றே: அச்சும் குடமும் ஒன்றையொன்று தேய்க்காமற் காப்பது. (இன்றைய இலங்கைச் செய்தித்தாள்கள் ‘மசகெண்ணெய்’ என்று எழுதுவது, சுத்திகரிக்கப்படாத நிலத்தடி எண்ணெயை. அரச ஏடுகள் ‘உராய்வு நீக்கி எண்ணெய்’ என்கின்றன. வேலைத்தலத்தில் அது ‘எஞ்சின் ஒயில்’. பெயர்க்குழப்பத்துக்கு இங்கே குறைவில்லை.) எஞ்சின் எண்ணெய்க்கோ பல வேலைகள். சுழலுந் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கே தடிப்புள்ள படலமாக நின்று இரும்பு இரும்பைத் தொடாமல் தடுக்கின்றது. பிஸ்டனின் அடிப்புறச் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருகின்றது. எரிந்த டீசலின் கரித்துகளைத் தன்னுள் ஏந்தி, அது ஓரிடத்திற் கட்டிப்படாமல் மிதக்கவிடுகின்றது. எரிதலிற் பிறக்கும் அமிலத்தையும் முறிக்கின்றது.

இவற்றுள் கடைசி இரண்டும், எண்ணெயோடு கலந்துள்ள இரசாயனச் சேர்க்கைகளின் வேலை. எண்ணெய் தேய்ந்து மெலிந்து போவதனால் மட்டும் அதனை மாற்றுவதில்லை. இச்சேர்க்கைகள் செலவாகிவிடுவதே பெரிய காரணம். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக ஒட்சைட்டாகி, நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகின்றது. அதை எதிர்கொள்ளவே எண்ணெயில் ஒரு காரச் சேமிப்பு வைக்கப்படுகின்றது. சாதாரண ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம். ஆகவே ஒட்டோ டீசல் பாவிக்கும் வண்டியில் அச்சேமிப்பு விரைவாகக் கரையும்.

நீர் எங்கிருந்து வருகின்றது என்று சிலர் ஐயுறலாம். ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடினால் அந்நீரும், கூடவே இறங்கிய டீசலிற் சிறிதும், ஆவியாகி வெளியேறும். உவர்மலையிலிருந்து நகரச் சந்தைக்கும், சந்தையிலிருந்து கடற்கரைக்கும், அங்கிருந்து உப்புவெளிக்குமாக மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடி ஓடி நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்த பின்னரும், எண்ணெய் அந்தச் சூட்டை அடைய மேலும் நேரம் பிடிக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் அதன் உட்புறத்தில் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும். மாரிகாலத்தில் இது கூடுதலாகத் தோன்றும். மூடியில் மட்டுமின்றி அளவுகோற் கம்பியிலும் அந்த நிறம் காணப்பட்டால், குளிராக்கும் நீரே எண்ணெயிற் கலக்கின்றது என்று ஐயுற்று உடனே வேலைத்தலத்துக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் வண்டி ஒன்று. தூரம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நேரம் ஆறு மணித்தியாலம். அது 5,000 கிலோமீற்றர் ஓடுவதற்கு எஞ்சின் இயங்கும் நேரம் 115 மணித்தியாலம் அளவு. மற்றொரு வண்டி நகருக்குள்ளேயே நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடுகின்றது. ஓட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும் கடைவாசலிலும் எஞ்சினை நிறுத்தாமற் காத்திருக்கும் நேரம் இரண்டு மணித்தியாலம். இவ்வண்டி 5,000 கிலோமீற்றரை எட்ட 167 நாள் செல்லும். அதற்குள் எஞ்சின் இயங்கியிருப்பதோ 580 மணித்தியாலத்துக்கு மேல். மீற்றரில் இரண்டும் ஒன்றே. எண்ணெயின் வயதில் ஐந்து மடங்கு வேறுபாடு!

நின்றபடி இயங்கும் ஒரு மணித்தியாலமும் பாரமேற்றி ஓடும் ஒரு மணித்தியாலமும் எல்லா வகையிலும் சமம் என்று சொல்லலாகாது. நிற்கும்போது பாரமும் சூடும் குறைவு. ஆயின் சூடு குறைந்த எஞ்சினில் டீசல் முற்றாக எரிவதில்லை; எரியாத டீசலும் கரியும் எண்ணெயை நாடுகின்றன. ஆகையால் நின்ற நேரத்தைக் கணக்கிற் சேர்க்காமல் விடுவது தவறே. இதற்கென ஈடு வைத்துக் கணக்கிடும் வாகன நிறுவனங்களும் உண்டு. ஒரு மணித்தியால நிற்றலை 40 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சமம் எனக் கொள்வது அவற்றுள் ஒன்று. உற்பத்தியாளரின் கைநூல்களிலும் ‘கடினமான பாவனை’ என்றொரு தனிப்பட்டியல் காணப்படும். குறுந்தூர ஓட்டம், நீண்ட நேரம் நின்று இயங்கல், புழுதி வீதி, பாரம் இழுத்தல் என்பன அதில் அடங்கும். தவணையைப் பாதியாகக் குறைக்குமாறு சொல்லும் நூல்களும் உண்டு. திருகோணமலை வண்டிகளிற் பலவற்றுக்கு இந்தப் பட்டியலே பொருத்தமானது.

பழைய டீசல் கெப் வண்டிக்கு 250 மணித்தியாலம், 5,000 கிலோமீற்றர், ஆறு மாதம் ஆகிய மூன்றில் எது முந்துகின்றதோ அதனைத் தவணையாகக் கொள்ளலாம். மேலே சொன்ன நகர வண்டிக்கு 250 மணித்தியாலம் 71 நாளில் முடிந்துவிடும். மீற்றர் அப்போது 2,100 அளவே காட்டும். இவ்வளவு விரைவில் ஏழு லீற்றர் எண்ணெயும் வடிகட்டியும் வாங்குவது எவ்வாறு என்ற மலைப்பு ஏற்படுவது இயல்பே. மாற்றுவழி ஒன்று உண்டு. காத்திருக்கும் இரண்டு மணித்தியாலமும் எஞ்சினை நிறுத்திவிட்டால், நாளொன்றுக்கு இயங்கும் நேரம் ஒன்றரை மணித்தியாலமாகின்றது. 250 மணித்தியாலம் முடிவதற்கு அப்போது 167 நாள் செல்லும். மீற்றரும் சரியாக 5,000இல் நிற்கும். சேவிஸ் நிலையத்தார் எழுதிய அட்டை அந்த வண்டிக்கே உண்மையாகின்றது. குளிரூட்டி போட்டுக்கொண்டு நிற்கும் வண்டி மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர்வரை டீசல் குடிக்கும். அந்தச் செலவும் மிஞ்சும். டேர்போ உள்ள எஞ்சினை மட்டும் விரைந்த ஓட்டத்தின்பின் ஓரிரு நிமிடம் மெல்ல இயங்கவிட்டு நிறுத்துதல் நன்று.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு வருவோம். போத்தலில் இரண்டு குறிகள் உள. ஒன்று தடிப்பைக் குறிப்பது: எஸ்.ஏ.ஈ. எனப்படும் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தின் அளவு. ‘15டபிள்யூ-40’ என்பதில் முன்னுள்ள எண் குளிர்நிலையையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசிலுள்ள தடிப்பையும் காட்டும். முன்னெண் உறைபனி நாடுகளுக்கென வகுத்த சோதனை. 15டபிள்யூ எண்ணெயின் தொடக்கச் சோதனை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் நடப்பது. திருகோணமலையில் அந்தக் குளிர் எக்காலத்தும் இல்லை. ஆதலால் பின்னெண்ணே இங்கு முதன்மை பெறும். மற்றக் குறி தரத்தைக் காட்டுவது: ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் எழுத்து. ‘எஸ்’ என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. ‘சீ’ என்று தொடங்குவது டீசலுக்கு. சீ.எச்-4 1998இலும் சீ.ஐ-4 2002இலும் வந்தவை. மலிவு கருதிப் பழைய தரத்தை வாங்குவதைவிட, சீ.ஐ-4 தரமுள்ள 15டபிள்யூ-40 எண்ணெயைப் பழைய ஹைலக்ஸ், எல்-200 போன்ற வண்டிகளுக்குத் தேர்வது பொதுவாகப் பொருந்தும். வண்டியின் கைநூல் வேறு சொன்னால் கைநூலே மேல்.

புகைக்குழாயிற் கரிவடிகட்டி பூட்டிய புதிய வண்டிகளின் நிலை வேறு. யப்பானிய டீ.எல்-1 போன்ற, சாம்பல் குறைந்த எண்ணெயை அவை கேட்கும். அவ்வெண்ணெயிற் காரச் சேமிப்பும் குறைவு. எனவே அவ்வண்டிக்குக் கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றுவது இரட்டைத் தீங்கு.

தடித்த எண்ணெயே நல்லெண்ணெய் என்ற நம்பிக்கை இங்கு ஆழ வேரூன்றியிருக்கின்றது. தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை சற்றுக் குறையும், எண்ணெய் அழுத்தமும் ஏறும், உண்மைதான். அழுத்தம் என்பது எண்ணெய் ஓட மறுக்கும் அளவையும் காட்டுகின்றது, பேரிங்கைச் சென்றடைந்த அளவை மட்டுமன்று. மெல்லிய எண்ணெய்க்கென இடைவெளி வகுத்துச் செய்த புதிய எஞ்சினில் தடித்த எண்ணெய் காலையிற் கடைசி மூலைக்குப் போய்ச்சேரத் தாமதிக்கும். நிமிடத்துக்கு இலட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் டேர்போத் தண்டு அந்தத் தாமதத்தைப் பொறுக்காது. விலையுயர்ந்த செயற்கை எண்ணெயை வாங்கிவிட்டு ஆண்டு முழுவதும் அப்படியே விடுவதும் சரியன்று. நீரும் டீசலும் கரியும் அதிலும் கலக்கும். குறுந்தூரம் ஓடும் பழைய வண்டிக்கு, இடைத்தர எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுவதே புத்தி.

கறுத்துவிட்டது என்பதற்காக எண்ணெயை மாற்றுவோரும் உளர். டீசல் எஞ்சினில் எண்ணெய் சில நாளிலேயே கறுக்கும். கரியை ஏந்துகின்றது என்பதே அதன் பொருள். விரலிடையே தேய்த்துப் பார்ப்பதனாலும் அறியக்கூடியது சொற்பம். அதனிலும் நம்பத்தக்க சோதனை ஒன்று செலவின்றிச் செய்யலாம். சூடான எஞ்சினிலிருந்து ஒரு துளி எண்ணெயை வடிதாளில் விட்டு, சில மணித்தியாலம் அசையாமல் வைத்தல் வேண்டும். கருமை நடுவிலிருந்து மெல்ல வெளிறிப் பரவினால் எண்ணெய்க்குக் கரி ஏந்தும் வலு இருக்கின்றது. நடுவில் மையிட்டாற்போல் கரிய வட்டம் கூரிய விளிம்போடு நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய்க் கறை மட்டும் பரவினால், அந்த வலு போயிற்று. அமிலத்தை இச்சோதனை காட்டாது. அளவுகோற் கம்பியில் எண்ணெய் குறைவதைக் கண்டு அஞ்சுவோர், அது கூடினால் மகிழ்கின்றனர், கூடுவதே பேராபத்து. டீசலோ நீரோ உள்ளே இறங்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எண்ணெயைவிடக் காற்று வடிகட்டியே கவனத்துக்கு உரியது. நிலாவெளி, குச்சவெளி வழியே புல்மோட்டைவரை ஓடும் வண்டிகள் மணற்புழுதியை உறிஞ்சுகின்றன. மணல் இரும்பிலுங் கடினமானது. கிழிந்த வடிகட்டியினூடாக அது உட்புகுந்தால் எந்த எண்ணெயும் வளையங்களைக் காவாது. தோணி இழுக்கக் கடலுக்குள் பின்சக்கரத்தை இறக்கும் வண்டிகளில், பின் அச்சுப் பெட்டியின் எண்ணெயையும் அடிக்கடி பார்த்தல் நன்று.

சீனன்குடாவில், இரண்டாம் உலகப் போரின் முன் பிரித்தானியர் கட்டிய பெருந்தாங்கிகளிற் 99 இன்றும் நிற்கின்றன. அவை எரிபொருளுக்காக எழுந்தவை. எஞ்சின் எண்ணெயோ வேறொரு தொழில்: அடிப்படை எண்ணெயோடு சேர்க்கைகளை அளந்து கலப்பது. லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு அத்தகைய கலப்பாலை ஒன்று திருகோணமலையிலேயே உண்டு. ஆண்டுக்கு 18,000 தொன் கலக்கும் ஆற்றலுடையது. இவ்வளவு அண்மையில் முத்திரையிட்ட எண்ணெய் கிடைக்கையில், பீப்பாவிலிருந்து அளந்து விற்கும் பெயரறியா எண்ணெயை வாங்குவது வியப்புக்குரியது. பாவித்த எண்ணெயை வடித்து நிறமேற்றினாலும் கண்ணுக்கு அழகாகவே இருக்கும். செலவான சேர்க்கைகள் அதனால் மீளா.

கழித்த எண்ணெயை வேலிக் கம்பத்துக்கும் தோணியடிக்கும் பூசுவதும், கானில் ஊற்றுவதும் பழக்கமாயிருக்கின்றன. எரிந்த கரியிலுள்ள நச்சுப் பொருள்கள் அதிற் செறிந்திருப்பதனால், வெறுங்கையால் அதனைத் தொட்டுப் பழகுவோருக்குத் தோற் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. கானில் ஊற்றியது மழையோடு உட்துறைமுகத்துக்கோ கொட்டியாரக் குடாவுக்கோ போய்ச்சேரும். அங்கேதான் காலையில் வலை விழுகின்றது. எண்ணெய் வந்த கொள்கலத்திலேயே அதனைத் திருப்பி ஊற்றி, மூடி இறுக்கி, கழிவெண்ணெய் சேர்க்கும் சேவிஸ் நிலையத்திற் கொடுத்துவிடலாம். வடிகட்டியிலும் அரை லீற்றர்வரை தேங்கி நிற்கும். ஒரு நாள் கவிழ்த்து வைத்து அதனையும் வடித்தெடுத்தல் வேண்டும்.