45 நாள் ஃப்ரீசரில் இருந்தும் சாகாத புழு: கரடிக் கறி விருந்தில் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குடும்ப விருந்து. மெனுவில் கரடிக் கறி கபாப். கனடாவின் சஸ்காட்செவனில் வேட்டையாடிய கருங்கரடி அது. ஃப்ரீசரில் வைத்தால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும் என்று வேட்டைக்கு ஏற்பாடு செய்தவர் சொன்னதால், 45 நாட்கள் உறைய வைத்திருந்தார்கள்.

கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்ததா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. சிலர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான், உள்ளே பச்சையாக இருப்பது தெரிந்தது. திரும்ப வேகவைத்தார்கள். ஆனால் அது லேட்!

விருந்துக்கு வந்த 29 வயது இளைஞருக்குக் காய்ச்சல், கடும் தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம். சுகாதாரத் துறை விசாரித்த 8 பேரில் 6 பேருக்கு டிரிகினெல்லோசிஸ் என்ற தசைப்புழு நோய். 3 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இதில் அதிர்ச்சி என்னன்னா, அந்த 6 பேரில் 2 பேர் கறியைத் தொடவே இல்லை. கறியோடு சேர்த்துச் சமைத்த காய்கறிகளை மட்டுமே சாப்பிட்டவர்கள்.

தசைக்குள் எப்படிப் போகிறது?

கறிக்குள் சுருண்டு கிடக்கும் இளம்புழு, நம் வயிற்று அமிலத்தில் வெளியே வருகிறது. சிறுகுடலில் வளர்ந்து குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகள் ரத்தம் வழியாகப் பயணித்துத் தசை செல்லுக்குள் குடியேறுகின்றன. அங்கேயே வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதலில் வயிற்றுப்போக்கு, வாந்தி. பிறகுதான் தசைவலி, முகவீக்கம். அரிதாக இதயம், மூளை வரை பாதிக்கும்.

ஃப்ரீசர் ஏன் கைவிட்டது?

பன்றிக் கறியில் வழக்கமாகக் காணப்படும் டிரிகினெல்லா ஸ்பைராலிஸ் உறைகுளிரில் சாகும். இந்தக் கரடியில் இருந்தது டிரிகினெல்லா நேட்டிவா. வடதுருவப் பகுதி விலங்குகளில் வாழ்ந்து பழகிய இனம். குளிர் இதற்குப் பெரிய விஷயமே இல்லை. உப்பு போடுவது, உலர்த்துவது, புகையூட்டுவது எதையும் நம்ப முடியாது.

அப்போ என்ன செய்யணும்?

காட்டு விலங்குக் கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். பச்சைக் கறி பட்ட கத்தி, பலகையில் காய்கறி நறுக்காதீர்கள்.

மருந்து இருக்கிறது: அல்பெண்டசோல். ஆனால் புழு தசைக்குள் போவதற்கு முன் கொடுத்தால்தான் நல்ல பலன். அந்த 6 பேரும் குணமடைந்தார்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் பார்ப்பதற்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல் போலவே இருக்கும் என்பதால், சில வாரங்களுக்கு முன் என்ன கறி சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது.